இலங்கை மலையகத்தில் பழைய பைக்: விலை பேசும் முன் போடவேண்டிய கணக்கு

"கடைசி விலை எவ்வளவு அண்ணே?"

விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் போன் எடுப்பவர்களில் அநேகர் முதலில் கேட்பது இதைத்தான். சிங்களத்தில் என்றால் "அந்திம கான கீயத?" கேட்டவுடன் மறுமுனையில் பத்தாயிரம் குறைத்துச் சொல்வார்கள். நேரில் போய் நின்றால், "போன்லயே உங்களுக்குப் பத்து குறைச்சிட்டேனே தம்பி" என்று கதை முடிந்துவிடும். வண்டியைக் கண்ணால் காணாமலே பேரத்தின் பாதி கையைவிட்டுப் போயிருக்கும்.

போனில் கேட்கவேண்டியவை வேறு. புத்தகம் (பதிவுச் சான்றிதழ்) யார் பெயரில் இருக்கிறது? லீசிங் ஓடுகிறதா? வருட லைசன் (வருமான அனுமதிப்பத்திரம்) எந்த மாதம் முடிகிறது? ஏன் விற்கிறீர்கள்? கடைசியாக ஒரு வேண்டுகோள்: "நாளைக்குக் காலையில வாறேன், நான் வாற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வைங்க." அதன் காரணம் பின்னால் வரும்.

விலை பேசுவதற்கு வாய்ச்சாமர்த்தியம் வேண்டும் என்று பலரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அதற்கு வேண்டியது ஒரு கொப்பியும் பேனையும் வண்டியோடு ஒரு மணி நேரமும். நல்ல நிலையில் உள்ள அதே வண்டி இன்று என்ன விலைக்குப் போகிறது, இந்த வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு செலவாகும், இதன் காகிதங்களைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்ற மூன்று தொகைகளும் தெரிந்தால் போதும். முதலாவதிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் வருவதுதான் உங்கள் எல்லை.

சந்தை விலையும் பழைய ஞாபகமும்

ஐக்மன், ரியசெவன போன்ற தளங்களில் அதே மொடல், அதே உற்பத்தி ஆண்டு, ஏறத்தாழ அதே கிலோமீட்டர் என்று ஐந்தாறு வண்டிகளைப் பார்த்து விலைகளை எழுதுங்கள். அதிகமானதையும் குறைவானதையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. விற்ற விலை அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். உற்பத்தி ஆண்டும் பதிவு ஆண்டும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். விற்பவர் இரண்டில் பிந்தியதையே சொல்வார்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. புதிய வண்டி வராததால் பழைய பைக்குகளின் விலை ஏறி, பல வருடம் ஓட்டியவர்கள்கூட வாங்கிய விலைக்கு மேல் விற்றார்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி திறந்தது. ஆனால் அந்த இடைக்கால விலையை மனதில் வைத்துக்கொண்டு பேசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அல்லது அந்த விலைக்கு வாங்கி நட்டப்பட விரும்பாதவர்களாக இருப்பார்கள். அவர்களோடு வாதாடத் தேவையில்லை. அதே ரகப் புதிய வண்டியின் ஷோரூம் விலையை விசாரித்து வைத்திருங்கள். "இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே எடுக்கலாமே அண்ணே" என்ற ஒரு வாக்கியத்துக்கு அவரிடம் பதில் இருக்காது.

குளிர்ந்த இஞ்சின்

நுவரெலியா, தலவாக்கலை, பண்டாரவளை போன்ற குளிர்ப் பிரதேசங்களில் இரவு முழுக்க நின்ற இஞ்சின் மறைக்கத் தெரியாத சாட்சி. சூடான இஞ்சின் அநேகமாக எந்த வண்டியிலும் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். ஆகவே போனவுடன் இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் சிரித்துக்கொண்டே தேநீர் குடித்துவிட்டு, ஆறும்வரை காகிதங்களைப் பாருங்கள்.

காபுரேட்டர் வண்டி என்றால் சோக் போட்டு நாலைந்து உதைக்குள் பிடிக்கவேண்டும். பத்துப் பதினைந்து உதைத்தும் பிடிக்காவிட்டால் பிளக், காபுரேட்டர், வால்வு இடைவெளி, கம்பிரஷன் என்று ஏதோ ஒன்று பலவீனமாக இருக்கிறது. முதலாவது சிறு செலவோடு முடியும். கடைசியானது இஞ்சினைப் பிரிக்க வைக்கும். எது என்று அந்த இடத்தில் தெரியாது என்பதால் கொப்பியில் பெரிய தொகையையே எழுதுங்கள்.

புகையைப் பார்க்கும்போது மலையகத்துக்கு என்று ஒரு எச்சரிக்கை. குளிர்ந்த காலையில் சைலன்சரிலிருந்து வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவி. ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றுவிடும், அதைக் காட்டி விலை குறைக்கப் பார்த்தால் உங்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடும். நீல நிறமும் எண்ணெய் கருகிய மணமும் இருந்தால் மட்டுமே கவலைப்படுங்கள். எண்ணெய் மூடியின் உட்புறம் பால்போல வெளுத்திருந்தாலும் அவசரப்படவேண்டாம். தினமும் தோட்டத்திலிருந்து டவுனுக்கு மட்டும் ஓடும் வண்டியில் இஞ்சின் முழுச்சூடு ஏறாமல் ஈரம் தங்கி அப்படி ஆகும். எண்ணெய் முழுவதும் வெளுத்திருந்தால்தான் பிரச்சினை.

ஏற்றமும் இறக்கமும்

கண்டியிலோ கம்பளையிலோ சமதரையில் ஐந்நூறு மீட்டர் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. வண்டியின் லைசனும் காப்புறுதியும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு, ஹெல்மட் போட்டு, விற்பவரையே பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு நல்ல ஏற்றத்துக்குப் போங்கள். ஹட்டன் பக்கமோ றம்பொடைப் பக்கமோ இருப்பவர்களுக்கு ஏற்றம் தேடி அலையவேண்டியதில்லை.

இரண்டாவது கியரில் ஏறும்போது அக்சலேட்டரைக் கொஞ்சம் கூட்டுங்கள். இஞ்சின் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது. பாதிக் கிளச்சில் வளைவுகளில் நின்று நின்று ஏறும் நம் வீதிகளில் கிளச் பிளேட்டுகள்தான் முதலில் தேய்கின்றன.

இதைச் சொன்னதும் வரும் பதிலைக் கவனியுங்கள். "அது கேபிளை டைட் பண்ணினா சரி தம்பி." கிளச் கேபிள் இறுக்கமாக இருந்தாலும் கிளச் வழுக்கும், மேலும் இறுக்கினால் கூடும். லீவரின் நுனியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் சும்மா ஆடவேண்டும். ஆடவில்லை என்றால் அந்த இடத்திலேயே கேபிளைத் தளர்த்திவிட்டு இன்னொரு தடவை ஏற்றத்தில் ஏறுங்கள். ஆட்டம் இருந்தும் வழுக்கினால் பிளேட் முடிந்துவிட்டது. அதற்குமேல் பேச்சுக்கு இடமில்லை, கொப்பியில் எழுதிவிடலாம்.

இறங்கும்போது மூன்றாவது கியரில் அக்சலேட்டரை முழுதாக விட்டுவிட்டு இஞ்சின் பிடிப்பிலேயே நூறு இருநூறு மீட்டர் வரவிடுங்கள். பிறகு சட்டென்று அக்சலேட்டரைக் கொடுங்கள். பின்னால் நீலப்புகை ஒரு குவியலாக வந்து மறைந்தால் வால்வு சீல் போயிருக்கிறது. ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் தேய்ந்திருக்கிறது. முன்னையதற்கும் பின்னையதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. அதே இறக்கத்தில் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால், அந்த வண்டியை விலை பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது. கியர்ப்பெட்டியைப் பிரித்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று எந்த மெக்கானிக் பாஸாலும் முன்கூட்டியே சொல்லமுடியாது.

நிறுத்திய பிறகு பார்க்கவேண்டியவற்றை வேகமாகப் பார்க்கலாம். பின் ஸ்ப்ரொக்கட்டின் பின்பக்கத்தில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல் தெரியும் அளவுக்கு வந்தால் செயின் செட் மாற்றவேண்டும். மெயின் ஸ்டாண்டில் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் ஸ்டியரிங் கோன் செட் அடி வாங்கியிருக்கிறது, கல் பதித்த தோட்டப் பாதைகளின் வேலை அது. முன் ஷொக்கின் பளபளப்பான குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் போயிருக்கிறது. ட்ரம் பிரேக் என்றால் பெடலை முழுக்க அழுத்தி, ட்ரம்முக்கு வெளியே உள்ள சிறு அம்புக்குறி எல்லைக்கோட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். பல மொடல்களில் அது இருக்கும். கம்பிச் சக்கரமா? ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டுங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக இருக்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ (மேல் வெட்டுகள்) நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடப் பழைய ரப்பர் மழையில் வழுக்கும்.

மீட்டரை நம்பவேண்டாம். கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டுவது இரண்டு நிமிட வேலை. மீட்டரில் 18,000 கிலோமீட்டர் இருக்க, கால்மிதியின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து, சாவியின் பற்கள் மழுங்கியிருந்தால் எதை நம்புவது என்று நீங்களே முடிவுசெய்யலாம்.

ஏற்றத்துக்காக முன் ஸ்ப்ரொக்கட்டை ஒரு பல் குறைத்துப் போட்டிருப்பவர்கள் இங்கே உண்டு. அது குற்றமல்ல. மஸ்கெலியாப் பக்கம் ஓட்டுபவருக்கு அது வசதிகூட. ஆனால் கண்டி வீதியில் நீண்ட ஓட்டம் ஓடுபவருக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புத்தகம் சரியில்லை என்றால்

பதிவுச் சான்றிதழைத்தான் எல்லோரும் புத்தகம் என்கிறார்கள். அதிலுள்ள செசி நம்பரையும் இஞ்சின் நம்பரையும் வண்டியில் உள்ளவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். செசி நம்பர் பெரும்பாலும் ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பகுதியில் அடித்திருக்கும். அதன்மேல் புதிதாகப் பெயின்ட், அரம் போட்ட தடம், கோணலான எழுத்து எது இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்த வண்டி மலிவானதல்ல. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையதளத்தில் வாகன எண்ணைக் கொடுத்து, சிறு கட்டணம் செலுத்தி விபரம் பார்க்கும் வசதியும் உண்டு.

புத்தகத்திலுள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் அது "ஓப்பன் பேப்பர்" வண்டி: முதல் உரிமையாளர் கையெழுத்திட்டு, வாங்குபவர் பெயரை நிரப்பாமல் விட்ட உரிமை மாற்றுப் படிவத்தோடு வண்டி கைமாறிக்கொண்டிருக்கிறது. மலையகத்தில் இது சர்வசாதாரணம். சட்டப்படி புதிய உரிமையாளர் 14 நாட்களுக்குள் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். நடைமுறையில் வருடக்கணக்கில் இழுக்கிறார்கள். அந்த முதல் உரிமையாளர் வெளிநாடு போயிருக்கலாம், இறந்திருக்கலாம், கையெழுத்து பொருந்தாமல் படிவம் திரும்பி வரலாம். ஓப்பன் பேப்பர் வண்டியை வாங்கத்தான் வேண்டுமென்றால், அந்த உரிமையாளரோடு நேரில் பேசி, அவருடைய அடையாள அட்டைப் பிரதியைப் பெற்ற பிறகே விலைக்கு வாருங்கள்.

லீசிங் கம்பனியின் பெயர் புத்தகத்தில் ஏறியிருந்தால், கடன் முடிந்துவிட்டது என்ற வாய்வார்த்தை போதாது. கம்பனியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். கடன் பாக்கி இருந்தால் கம்பனி அலுவலகத்துக்கு இருவருமாகப் போய், பாக்கியை அங்கேயே கட்டி, மீதியை விற்பவருக்குக் கொடுங்கள்.

லைசன் காலாவதியாகி இருந்தால் அதன் தண்டப்பணம், புகைப் பரிசோதனை, காப்புறுதி, பெயர் மாற்றச் செலவு, கொழும்பு நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போகவேண்டியிருந்தால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் எல்லாம் கொப்பியில் ஏறவேண்டும்.

கொப்பியில் ஒரு கணக்கு

கணக்கை விளங்கிக்கொள்வதற்காக மட்டும் ஒரு உதாரணம். தொகைகளை உங்கள் டவுன் உதிரிப்பாகக் கடையில் அன்றைக்கு விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கேட்கும் விலை 365,000 ரூபா. விளம்பரங்களில் நடு விலை 350,000. கிளச் பிளேட்டும் கூலியும் 8,500, பிரேக் ஷூ 3,000, முன் ஷொக் சீல் 4,000, காகிதச் செலவு 11,500. இவை செய்யாமல் வண்டியை இறக்கத்தில் இறக்கவோ வீதியில் ஓட்டவோ முடியாதவை, மொத்தம் 27,000. இன்னொரு பக்கம் செயின் செட் 9,500, பின் டயர் 12,000, சேர்விஸ் 4,500, ஆக 26,000. இவை ஓடினால் தேயும் சாமான்கள். பழைய வண்டி வாங்கப்போய்ப் புது டயர் கேட்பது நியாயமில்லை என்று விற்பவர் சொன்னால் அது சரிதான். ஆகவே முதல் பட்டியலை முழுதாகவும் இரண்டாவதைப் பாதியாகவும் கழியுங்கள்: 27,000 உம் 13,000 உம் சேர்ந்து 40,000. 350,000 இல் கழித்தால் 310,000. இது உங்கள் எல்லை. இதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி மூடிவையுங்கள், அவருக்குக் காட்டவேண்டாம்.

செலவுப் பட்டியலை மட்டும் காட்டுங்கள். தொடக்க விலையாக 292,000 சொல்லலாம். இரண்டு இலட்சம் என்று ஆரம்பித்தால் அவர் கோபப்பட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவார், அதில் நியாயமும் உண்டு. ஏறும்போது பத்து, பிறகு ஐந்து, பிறகு மூன்று என்று சுருங்கி ஏறுங்கள். முதல் தடவை பத்து, அடுத்த தடவையும் பத்து என்று ஏறினால் இன்னும் ஒரு பத்து இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

"ரெண்டு தொண்ணூத்திரண்டா? என்ன தம்பி, வீட்டுல வச்சு ஓட்டின வண்டி."

"தெரியுது அண்ணே, பொடி சுத்தமா இருக்கு. கிளச்சும் ஷொக் சீலும் செஞ்சாத்தான் நான் கினிகத்தேனைக்கு இறங்கலாம். இந்தாங்க, கடையில கேட்டு எழுதினது."

இதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். நாம் செய்யும் பெரிய பிழை அந்த மௌனத்தைத் தாங்காமல் "சரி, மூணு இலட்சம் தாறேன்" என்று நாமே நம் விலையை ஏற்றிவிடுவதுதான். இன்னொன்று, கூடவரும் நண்பரோ பாஸோ வண்டியை வாய்விட்டுப் புகழ்வது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவையுங்கள். வண்டியைப் பழிப்பதும் வேண்டாம். தான் கழுவித் துடைத்து வைத்த பைக்கைக் குப்பை என்று கேட்கும் எவரும் விலை குறைக்கமாட்டார்.

மேற்கு மலையகத்தில் மே முதல் செப்டெம்பர் வரையிலான மழையில் வண்டி பார்க்க வருபவர்கள் குறைவு. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசி மழை அப்படி. நனைந்துகொண்டு போய் நிற்பவருக்குக் கொஞ்சம் பலம் கூடுதல்.

பைக் சேலில் பேசுவது

கடைக்காரர் வண்டியை வாங்கி, கழுவி, பொலிஷ் போட்டு, இலாபம் வைத்துத்தான் நிறுத்தியிருப்பார். அவருக்கு உங்கள் கதை புதிதல்ல. விலையில் சிறிதளவே இறங்குவார். ஆனால் அவரிடம் கராஜ் இருக்கிறது, உதிரிப்பாகம் மொத்த விலையில் வருகிறது. உங்களுக்கு 12,000 ஆகும் டயர் அவருக்கு அவ்வளவு ஆகாது. ஆகவே விலை ஒரு கட்டத்தில் நின்றுவிட்டால் பொருளைக் கேளுங்கள்: "விலை உங்க விலையாவே இருக்கட்டும் முதலாளி, பின் டயரும் செயின் செட்டும் போட்டு, பெயர் மாத்தித் தாங்க." ரொக்கம் என்றவுடன் அவர் மகிழ்ந்துவிடுவார் என்றும் நினைக்கவேண்டாம். லீசிங்கில் எடுத்தால் பல இடங்களில் அவருக்குத் தரகு கிடைக்கும்.

"மாசம் 11,800 தான்" என்று பேச்சைத் தவணைக்குத் திருப்பினால் கொப்பியைத் திறங்கள். வண்டி விலை 450,000, முற்பணம் 150,000, 11,800 வீதம் 36 மாதம் என்றால் 424,800. இரண்டும் சேர்ந்து 574,800. கடன் வாங்கிய 300,000 க்காக 124,800 கூடுதலாகக் கட்டுகிறீர்கள். முதலில் வண்டியின் விலையை முடியுங்கள், தவணையைப் பிறகு பேசுங்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசினால், விலையில் குறைத்த பத்தாயிரம் தவணையில் ஒளிந்து திரும்பிவிடும்.

முற்பணமும் கையளிப்பும்

விலை ஒத்துப்போனதும் முழுப்பணத்தையும் நீட்டாமல் ஐயாயிரமோ பத்தாயிரமோ முற்பணம் கொடுத்து எழுதி வாங்குங்கள்: வாகன எண், செசி நம்பர், இஞ்சின் நம்பர், ஒப்புக்கொண்ட விலை, சேர்த்துத் தரும் சாமான்கள், இரண்டாவது சாவி, காகிதம் சரியில்லாவிட்டால் முற்பணம் திரும்பும் என்ற வரி. மீதியை வங்கியில் வைத்து மாற்றிக்கொடுங்கள். புத்தகமும் கையெழுத்திட்ட மாற்றுப் படிவமும் கைக்கு வரும் அதே நேரத்தில்.

கையளிக்கும் பத்திரத்தில் திகதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அந்த நேரத்துக்கு முன் அந்த வண்டிக்கு விழுந்த தண்டமோ நடந்த விபத்தோ பழையவருடையது, அதற்குப் பிறகு உங்களுடையது. காப்புறுதியை உங்கள் பெயருக்கு அன்றைக்கே ஏற்பாடு செய்துகொண்டு, கிளச்சும் பிரேக் ஷூவும் மாற்றும்வரை இறக்கப் பாதையில் வீட்டுக்கு ஓட்டிப்போகாமல், விற்பவரின் டவுனிலுள்ள கராஜிலேயே வண்டியை விடுங்கள்.